முப்பத்தொன்பது பேரும் ஒருத்தியும்

என்னை விடுவிக்கச் சொல்லும் கடிதம் பத்து மாதம் என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து, எங்கள் பேச்சில் கந்தோரிலிருந்து, வந்த கடிதம். மொத்தம் மூன்று வரி. முதல் வரியில், எனக்கு வேலணையில் ஒரு பாடசாலைக்கு மாற்றம் என்று இருந்தது. இரண்டாம் வரியில் திகதி. மூன்றாம் வரிதான் என்னைக் கட்டிப்போட்டது. பதிலாசிரியர் வந்து பொறுப்பேற்ற பின்னரே இவரை விடுவிக்க வேண்டும்.

அப்போது நான் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தது ஊர்காவற்துறையிலிருந்து படகு மட்டுமே போகிற ஒரு சின்னத் தீவில். அதன் பெயரை எழுதினால் இதில் வரும் எல்லோரையும் ஆர் எவர் என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். நானும் தீவில் பிறந்தவள்தான். ஆனால் எங்கள் வேலணைக்குத் தெரு இருக்கிறது, பஸ் வருகிறது, கோபம் வந்தால் நடந்தே யாழ்ப்பாணம் போகலாம். தெருவில்லாத தீவில் கோபித்துக்கொண்டு போவதற்குக்கூடப் படகு நேரம் பார்க்க வேண்டும்.

எனக்குப் பதிலாக முதலில் நியமிக்கப்பட்டவர் ஒரு ஆண். அவர் ஊர்காவற்துறை இறங்குதுறை வரைக்கும் வந்தார். அன்று சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அலையையும் படகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம். இரண்டாவதாக வந்த பெண் ஒரு நாள் கையெழுத்து வைத்தாள், மறுநாள் முதல் மருத்துவச் சான்றிதழ்கள் மட்டும் வந்தன. மூன்றாவது ஆளுக்குப் பெரிய இடத்தில் யாரையோ தெரிந்திருந்தது. அவருடைய முகத்தை நாங்கள் காணவேயில்லை.

அதற்குப் பிறகுதான் அதிபர் தன் சட்டத்தைக் கொண்டுவந்தார். புதிதாக வருகிறவர் வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து ஐந்து நாள் கையெழுத்து வைத்தால்தான் என்னை விடுவார். கெட்ட மனிதரல்ல. அந்தத் தீவிலேயே பிறந்து, அந்தப் பாடசாலையிலேயே படித்தவர். வகுப்பில் ஆள் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்குக் கவலை. “அஞ்சு கையெழுத்து விழட்டும் ரீச்சர், பேந்து நான் உங்களை மறிக்கமாட்டன்” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதனாலேயே அவர்மேல் எனக்குக் கூடுதலாக எரிச்சல் வந்தது.

எனக்குக் கொஞ்சம் வடிவான கையெழுத்து. அதனால் பாடசாலையை விட்டுப் போகிற ஆசிரியர்களுக்குப் பிரியாவிடை வாழ்த்துமடல் எழுதுவது என் வேலையாகிப் போயிற்று. “கலங்கரை விளக்கே, கடல் கடந்து வந்த கல்விச் சுடரே” என்று தொடங்கும். யாருக்கும் பொருந்தும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கொடுப்போம். நகலை ஆசிரியர் அறை அலுமாரியில் வைத்துவிடுவேன், அடுத்தவருக்குப் பெயரையும் போகிற காரணத்தையும் மாற்றினால் போதும். நான்கு வருடத்தில் ஆறு பேருக்கு எழுதினேன். எனக்கு எழுத ஆளில்லாமல் நான் அங்கேயே கிடந்தேன்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்று அந்த ஆனி மாதம் நடந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கிழமை நாட்களில் நான் தீவில் ஆசிரியர் விடுதியில் தங்குவேன். அவளை வேலணையில் என் அக்கா பார்த்துக்கொள்வாள். கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை, இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது என்று அக்கா தொலைபேசியில் அழுதாள். காற்று பலம் என்று அன்று பின்னேரப் படகை நிறுத்திவிட்டார்கள். புதன்கிழமையும் ஓடவில்லை. நான் இறங்குதுறையின் நுனியில் போய் நின்றேன். எதிர்க்கரையின் தொலைபேசிக் கோபுரம் அங்கிருந்து தெரியும். அந்தக் கோபுரத்திலிருந்து பஸ் ஏறினால் என் வீடு. பார்க்க முடிகிறது, போக ஏலாது. அந்த இரண்டு நாளில் எனக்கு அந்தத் தீவின் மண், மனிதர், கிணறு, மணி எல்லாவற்றின் மீதும் வெறுப்பு வந்தது.

வியாழக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. தூக்கப் போனேன். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அக்காவின் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அக்கா, “அம்மாடா, அம்மா வந்திருக்கிறா” என்று அவளுக்கு என்னை அறிமுகப்படுத்தினாள். என்னால் தாங்க முடியவில்லை. குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த வருடம் முடிவதற்குள் எப்படியாவது அந்தத் தீவை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

புரட்டாதியில் நாலாவது ஆள் நியமனமாகியிருப்பதாகத் தகவல் வந்தது. வவுனியாவுக்கு உள்ளே ஒரு குளத்தடிக் கிராமத்துப் பெண். முதல் நியமனம். கந்தோரில் கெஞ்சி அவளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கினேன்.

எங்கள் பத்தாம் வகுப்பில் ஆறே பேர்தான். அதில் ஒருத்தியின் தகப்பன் கடற்றொழிலாளி. கடலைப் பற்றி அவர் சொன்னால் வானொலி சொல்வதைவிட நான் நம்புவேன். கடல் எப்போது அடங்கும் என்று அவரிடம் விசாரித்தேன். சோளகம் விழுந்துவிட்டது, வாடை இன்னும் பிறக்கவில்லை, ஐப்பசியில் இரண்டு மூன்று கிழமை கடல் குளம் மாதிரிக் கிடக்கும் என்றார். அதற்குப் பிறகு எப்படியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

அன்றே அந்த வவுனியாப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். மெல்லிய குரல். கடலை அவள் படத்தில்தான் கண்டிருக்கிறாள். பயமாக இருக்கிறது அக்கா என்றாள். கடல் குளம் மாதிரித்தான் இருக்கும், உங்கள் ஊர்க் குளத்தில் தோணியில் போனதில்லையா என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். முக்கால் மணித்தியாலத்தை அரை மணித்தியாலம் ஆக்கினேன். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள். ஓம் என்றேன். ஐப்பசி பிறந்த முதல் திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

வந்தாள். ஊர்காவற்துறையில் நானே போய் நின்று அழைத்து வந்தேன். கையில் ஒரு பயணப்பை, இன்னொரு கையில் தேசிக்காய், மஞ்சளாய்ப் பழுத்த ஒரு எலுமிச்சை. வாந்தி வந்தால் மணக்கச் சொல்லி மாமியார் கொடுத்துவிட்டாராம். கடல் உண்மையிலேயே எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. துறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கிற பழைய கோட்டையைத் தாண்டியபோது, இதைக் கட்டியது யார் என்று கேட்டாள். பறங்கியர், போர்த்துக்கேயர்தான், என்றேன். பிறகு ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு அதைச் சிறையாக வைத்திருந்தார்கள் என்றும் சொல்ல வாயெடுத்துவிட்டு, சிறை என்ற சொல் இப்போது வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். தேசிக்காயை ஒரு முறையும் மணக்காமலேயே இறங்கினாள். அதிபருக்கு முன்னால் முதல் கையெழுத்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை என் வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, பின்வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்தாள். அன்றைய பாடம் நாடு காண் பயணங்கள். ஸ்பெயின் ராணியிடம் மூன்று கப்பல் வாங்கிக்கொண்டு, மேற்கே போய் கிழக்கைப் பிடிக்கலாம் என்று புறப்பட்டாரே, அந்த மாலுமி. பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு படமும் ஒன்றரைப் பக்கமும். நான் கூடுதலாகச் சொல்லுவேன். எனக்கு அந்தப் பாடம் பிடிக்கும். எங்களிடம் வந்தவர்கள் பறங்கியர், அவர் போனது அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரருக்காக. இரண்டு வீட்டுக்காரரும் உலகத்தைத் தேங்காய் உடைக்கிறது போல நடுவால் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். உடைபட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

அவர் கப்பலில் இரண்டு குறிப்பு வைத்திருந்த கதையை ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன். ஒன்றில் அன்றன்று ஓடிய உண்மையான தூரம். மற்றதில் குறைத்துப் போட்ட தூரம். குறைத்ததைத்தான் கூட வந்தவர்களுக்குச் சொன்னார், வீட்டை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று தெரிந்தால் பயந்துவிடுவார்கள் என்று. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் எப்போதும் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள். பின்வாங்கிலிருந்து அவளும் சிரித்தாள். அரை மணித்தியாலம் என்று நான் சொன்ன படகில் அவள் நேற்று மணிக்கூடு பார்த்ததை நான் கண்டிருந்தேன். எனக்கு முகம் சுட்டது.

அந்தக் கடற்றொழிலாளியின் மகள் கையை உயர்த்தினாள். “ரீச்சர், போகேக்கை முழுக்கக் காத்து பின்னாலை எண்டு சொன்னியள். அப்ப வரேக்கை எப்பிடி வந்தவை?”

நான்கு வருடம் படிப்பித்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதேயில்லை. கடல் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தோன்றும். அந்தக் கப்பல்களில் போனவர்களும் அதற்குத்தான் பயந்தார்களாம், பிறகு தேடிப் படித்தேன். காற்று ஒரே பக்கமாக அடிக்கிறதே, திரும்பி எப்படிப் போவது என்று. அன்று எனக்கு விடை தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பிக்கொண்டேன். அவள் தகப்பனிடம் கேட்டு மறுநாள் விடையோடு வந்தாள். கொஞ்சம் வடக்கே ஏறிப் போனால் வேறு காற்று இருந்திருக்கும், இல்லையென்றால் காற்று மாறும் மட்டும் இருந்திருப்பார்கள் என்றாராம் அவர். காற்று மாறும் மட்டும் இருப்பது எப்படி என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

புதன்கிழமை பின்னேரம். பாடசாலை விட்டு, நானும் அவளும் விடுதிக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தோம். வாளியைத் தூக்கப் போனவள் நிறுத்திவிட்டு, பாரம் தூக்கக் கூடாதாம் அக்கா என்றாள். ஏன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“முழுகாம இருக்கிறன் அக்கா. மூண்டு மாசம் இன்னும் முடியேல்லை. வெளியிலை சொல்லக்கூடாது எண்டு மாமி சொன்னவ. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்.”

இது எங்கள் ஆட்களுடைய பழக்கம். கர்ப்பம் தரித்து மூன்று மாதம் முடியும்வரை வெளியில் மூச்சுவிடமாட்டார்கள். நாவூறு, அதுதான் கண்ணூறு, படும் என்று பயம். நானும் என் மகளை வயிற்றில் வைத்திருந்தபோது அப்படித்தான் மறைத்தேன். நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அம்மா சொன்னதற்காக. இந்தப் பெண்ணும் மாமியார் சொன்னதற்காக, கந்தோரில் நியமனக் கடிதம் வாங்கிய நாளில்கூட வாய் திறக்கவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கிற ஒருத்தியைத்தான் கடல் கடந்து அனுப்புகிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முதல் எங்களோடு ஒரு சங்கீத ரீச்சர் இருந்தாள். அவளும் அப்படி இருந்தபோது, மருத்துவச் சான்றிதழோடு ஒரு கடிதம் கொடுத்தாள். அவளைப் பதிலாள் இல்லாமலே கரையில் ஒரு பாடசாலைக்கு மாற்றிவிட்டார்கள். கடிதம் கொடுத்து மூன்றாவது கிழமை போய்விட்டாள். அவளுக்கும் வாழ்த்துமடல் எழுதியது நான்தான்.

இதை யோசித்து முடிப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள். “இதைச் சொன்னா கந்தோரிலை ஏதும் செய்வினமோ அக்கா?”

சவர்க்கார நுரை கையில் காய்ந்துகொண்டிருந்தது.  ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அவள் மறுநாள் முதல் படகிலேயே போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள். ஐந்து கையெழுத்து மூன்றோடு நின்றுவிடும். ஐந்தாவது ஆள் நியமனமாகி வர எத்தனை மாதம், எத்தனை வருடம். என் பிள்ளை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பியது எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் மனமறிந்துதான் சொன்னேன். தடுமாறி வந்த வார்த்தை என்று இன்றைக்குச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

“இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதையும். மாமி சொன்னது சரி. மூண்டு முடிஞ்சு நாலாம் மாசம் பிறக்கட்டும், நாவூறு பொல்லாதது.”

அவள் முகம் தெளிந்தது. மாமியாரும் அக்காவும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். நான் அவளுடைய வாளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. சமைத்தேன், பாய் உதறிப் போட்டேன், யன்னலடி என்னுடைய கட்டிலை அவளுக்குக் கொடுத்தேன். என்ன நல்ல அக்கா என்று அவள் தன் கணவனுக்குத் தொலைபேசியில் சொல்வது கேட்டது. எனக்கு அதைக் கேட்க ஏலாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வியாழக்கிழமை பாடத்தைத் தொடர்ந்தேன். தொடராமல் விட்டிருக்கலாம். பாடத்திட்டத்தில் இல்லாத பகுதி அது, ஆனால் போன வருடங்களில் சொன்ன கதையை இந்த வருடம் விட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அந்த மாலுமியின் பெரிய கப்பல் ஒரு தீவுக்கு முன்னால் தரைதட்டிவிட்டது. இன்னொன்று முன்பே பிரிந்து போயிருந்தது, மிஞ்சிய ஒரே கப்பலில் எல்லோருக்கும் இடமில்லை. உடைந்த கப்பலின் பலகைகளைக் கழற்றி அந்தத் தீவில் ஒரு கோட்டை கட்டினார். முப்பத்தொன்பது பேரை அதில் விட்டார். ஒரு வருடத்துக்குக் காணும் என்று பிசுக்கோத்தும் வைனும் கொடுத்தார், விதைக்க விதையும் கொடுத்தார். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் பாய் விரித்தார்.

பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டார்கள். மற்றவர்களின் தீவில் கோட்டை கட்ட விட்டது யார் என்று ஒருவன் கேட்டான். கேட்டுக் கட்டவில்லை என்றேன். அந்தக் கடற்றொழிலாளியின் மகள் மட்டும், “பேந்து வந்தவரோ ரீச்சர்?” என்று கேட்டாள்.

வந்தார் என்றேன். அடுத்த வருடம் பதினேழு கப்பலோடு வந்தார். கோட்டை எரிந்து கிடந்தது. முப்பத்தொன்பது பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. கோட்டையில் விடப்பட்டவர்கள் அந்தத் தீவு ஆட்களுக்குச் செய்த அநியாயம் கொஞ்சமில்லை, அதற்குத்தான் அப்படி முடிந்தது என்பதையும் சொன்னேன். பின்வாங்கில் அவள் கொப்பியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தாள். இதை நாளைக்கு அவள்தான் படிப்பிக்க வேண்டும் அல்லவா. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கரும்பலகையை அழித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது கையெழுத்து விழுந்தது. அதிபர் சொன்ன சொல் தவறவில்லை, பத்து மணிக்கு விடுவிப்புக் கடிதத்தை என் கையில் தந்தார். சின்னதாக ஒரு பிரியாவிடை. எனக்கும் வாழ்த்துமடல் இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் அவள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். “ஒரு கிழமைதான் பழகினேன், கூடப்பிறந்தவள் போல என்னைப் பார்த்துக்கொண்டார்” என்று ஒரு வரி. நான் எழுதிய ஆறு மடல்களிலும் இப்படி உண்மையாக ஒரு வரி இருந்ததில்லை. எல்லோருக்கும் முன்னால் அழுதேன். பிரிவுத் துயர் என்று நினைத்து அதிபரும் கண் கலங்கினார்.

இறங்குதுறைக்கு ஆறு பிள்ளைகளும் வந்தார்கள், அவளும் வந்தாள். வருவீர்களா ரீச்சர் என்று கேட்டார்கள். வருவேன் என்றேன். அவள் தன்னுடைய தேசிக்காயை என்னிடம் தந்தாள், தனக்குத் தேவைப்படவில்லையாம். கடல் குளமாகக் கிடந்தது. படகு திரும்பியபோது அவள் கையை அசைத்துக்கொண்டு நின்றாள், மற்றக் கை வயிற்றில் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்த கை.

வீட்டுக்குப் போன அடுத்த புதன்கிழமை, பாடசாலை விட்டதும் மகளைச் சாட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிழமை நாளில் அம்மாவோடு கடற்கரை. அவள் வாழ்க்கையில் முதல் முறை. முதலில் என் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டாள், பிறகு விடவேயில்லை. எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. அது இல்லை என்று சொன்னால் பொய்.

புதிய ரீச்சரிடமிருந்து அழைப்புகள் வந்தன. முதல் மூன்றையும் எடுத்தேன். வாடை தொடங்கிவிட்டது அக்கா, கடல் குளம் மாதிரி இல்லை என்று சிரித்துச் சொன்னாள். மூன்றாவது முறை அவள் சிரிக்கவில்லை. படகில் போய்வந்தால் இடுப்பு நோகிறது, ஊருக்குப் போய் மூன்று கிழமை ஆகிவிட்டது என்றாள். அப்போதாவது சங்கீத ரீச்சர் கொடுத்த கடிதத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து, பொறும் பிள்ளை, பழகிவிடும் என்றேன். அதற்குப் பிறகு அவள் இலக்கம் வந்தால் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் நான்கு நாள் படகு ஓடாத கிழமையில் அவளுக்கு உதிரம் போகத் தொடங்கியிருக்கிறது. இரண்டாம் நாள்தான் கடற்படைப் படகில் அந்த அலைக்குள்ளால் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. எனக்கு இதை அதிபர்தான் சொன்னார். நான் ஒரு முறையும் போய்ப் பார்க்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் பின்னேரம், மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்துவிட்டேன். அவள்தான். கணவருடைய தொலைபேசியாம். சுகம் விசாரித்தாள், மகளைப் பற்றிக் கேட்டாள். இன்னும் இரண்டு கிழமையில் பிள்ளை பிறந்துவிடும் என்றாள். பிறகுதான் கேட்டாள்.

“அக்கா, ஒண்டு கேக்கிறன். முந்தி அங்கை இருந்த சங்கீத ரீச்சர் ஒராள் முழுகாம இருக்கேக்கை கடிதம் குடுத்து மாறிப் போனவவாம். அது உங்களுக்குத் தெரியுமே?”

அவள் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. நான் ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி, மன்னித்துக்கொள்ளும் என்று கேட்டிருக்கலாம். அதற்குத்தான் அவள் எடுத்திருக்கிறாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

“இல்லைப் பிள்ளை, எனக்குத் தெரியாது” என்றேன்.

“ஓம் அக்கா” என்றாள். “கார்த்திகையிலை அலுமாரி துப்புரவாக்கேக்கை அவவின்ரை வாழ்த்துமடல் கிடந்தது. தாய்மை காரணமாகக் கரைக்கு மாறிச் செல்லும் எண்டு எழுதியிருந்தது. அதைப் பாத்துத்தான் நானும் கடிதம் குடுத்தனான். பதில் வாறதுக்கு முதல் காத்து வந்திட்டுது. உங்கடை எழுத்து நல்ல வடிவக்கா.”

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மகள் யார் அம்மா என்று கேட்டாள். அங்கே இருந்த ஒரு ரீச்சர் என்றேன். சீப்பு பாதித் தலையில் நின்றது, எந்தப் பக்கம் பின்னிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு மறந்துபோயிற்று.

அந்தப் பாடசாலையில் வரலாற்றுக்கு இன்னும் ஆள் இல்லை. ஆறு பேரும் இப்போது பதினோராம் வகுப்பு, பரீட்சைக்குத் தாங்களே படிக்கிறார்களாம். ஊர்காவற்துறையிலிருந்து காலையில் ஒரு படகு போகிறது, பின்னேரம் ஒன்று. என் வீட்டு வாசலில் பஸ் ஏறினால் முதல் படகைப் பிடிக்கலாம். வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். எத்தனையோ சனிக்கிழமை பஸ் வருகிற நேரம் பார்த்து வாசலில் நின்றிருக்கிறேன், பஸ் போன பிறகு உள்ளே வந்துவிடுவேன். முப்பத்தொன்பது பேரை விட்டுப்போன அந்த மனிதராவது திரும்பிப் போய்ப் பார்த்தார்.